சேவலா, பெட்டையா? முதுகு இறகைப் பாருங்கள்

(பண்ணை வானொலிப் பேச்சு)



வாழப்பாடி வட்டாரத்தில் மரவள்ளியைப் பற்றியும் பாக்கைப் பற்றியும் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பாக்குத் தோப்பு நிழலில் சருகைக் கிளறிக்கொண்டு, பத்துக் குஞ்சோடு திரிகிறதே ஒரு தாய்க்கோழி, அதைப் பற்றிப் பேசத்தான் ஆள் குறைவு. இன்றைக்கு அதன் பின்னால் ஓடுகிற குஞ்சுகளைப் பற்றிப் பேசப் போகிறேன். அவற்றில் எது சேவல், எது பெட்டை? எத்தனை வாரத்தில் தெரியும்? எதைப் பார்த்து முடிவு செய்வது?

"இதென்ன பெரிய விஷயமுங்க, வளர்ந்தா தானா தெரியுது" என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம்தான். ஆனால் வளர்கிற வரைக்கும் அந்தக் குஞ்சு நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பேளூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. மாடு நல்லபடியாகக் கன்று போட்டால் முனியப்பனுக்கு ஒரு சேவல் வெட்டுகிறேன் என்று அந்த வீட்டம்மாள் வேண்டிக்கொண்டார். மாடும் கன்று போட்டது. அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு மாதக் குஞ்சுகள் ஏழு இருந்தன. அதில் ஒன்று மற்றதைவிட ஒரு விரல் உயரம், எப்போது பார்த்தாலும் மற்றக் குஞ்சுகளோடு மார்போடு மார்பு மோதிச் சண்டை போடும். "இது சாவக்குஞ்சுதான், சந்தேகமே இல்லை" என்று முடிவு கட்டி, காலில் சிவப்புத் துணி கட்டி, சாமிக்கு விட்டுவிட்டார். அதற்கு மட்டும் கம்பும் சோளமும் கூடுதலாகப் போட்டு வளர்த்தார். மிச்சம் இருந்த ஆறில், "பெட்டை ரெண்டு இருந்தால் போதும்" என்று நாலை இரண்டு மாதத்தில் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார்.

ஆடி வந்தது. பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தச் சிவப்புத் துணி கட்டிய கோழி வைக்கோல் போருக்குள் போய் உட்கார்ந்தது. எழுந்து கொக்கரித்தது. போய்ப் பார்த்தால் முட்டை! வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் வீட்டில் பெட்டை என்று நினைத்து வைத்திருந்த இரண்டும் அதற்குள் கூவ ஆரம்பித்திருந்தன. அந்த இரண்டும் சாமிக்கு ஆகாது, வாலும் கழுத்தும் இன்னும் நிறையவில்லை என்று வீட்டுப் பெரியவர் சொல்லிவிட, ஆடி மாத விலையில் வெளியே ஒரு சேவல் வாங்க வேண்டியதாயிற்று. விற்றுப் போன நாலில் எத்தனை பெட்டையோ, அது வியாபாரிக்குத்தான் வெளிச்சம்.

இதிலே நஷ்டம் எவ்வளவு? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். நம்ம நாட்டுப் பெட்டை ஆறு, ஏழு மாதத்தில் முட்டைக்கு வரும். வருஷத்தில் மூன்று முறை முட்டையிட்டு அடைக்கு உட்காரும். ஒரு அடைக்குப் பன்னிரண்டு முட்டை வைத்தால் ஒன்பது, பத்துப் பொரிக்கும். பருந்து தூக்கியது, கீரி பிடித்தது, கழிச்சலில் போனது என்று பாதி போனாலும் ஐந்தாவது தேறும். மூன்று அடைக்குப் பதினைந்து உருப்படி. இது போக, அடைக்கு வைக்காமல் வீட்டுக்கும் விற்பனைக்கும் எடுக்கிற முட்டை தனி. ஆக, சேவல் என்று நினைத்து ஒரு பெட்டைக் குஞ்சை விற்றால், அடுத்த வருஷத்துப் பதினைந்து கோழியைச் சேர்த்து விற்றதாகத்தான் அர்த்தம். அந்தக் காசு யாருடைய காசு? பல வீடுகளில் பெண்களின் சிறுவாட்டுக் காசு. பிள்ளைக்கு நோட்டு வாங்குவதும், திடீரென்று காய்ச்சல் வந்தால் மருந்து வாங்குவதும் அந்தக் காசில்தான்.

இதற்கு நம் ஊர்களில் பல பரீட்சைகள் வைத்திருக்கிறார்கள். முதலில் முட்டைப் பரீட்சை. முனை கூராக இருந்தால் சேவல் பொரிக்கும், உருண்டையாக இருந்தால் பெட்டை பொரிக்கும் என்பார்கள். முட்டைக்கு மேலே நூலில் ஊசி கட்டித் தொங்கவிட்டு, வட்டம் சுற்றினால் ஒன்று, நேராக ஆடினால் மற்றொன்று என்பார்கள். குஞ்சைக் கழுத்துப் பிடறியில் பிடித்துத் தூக்கினால் காலைத் தொங்கப் போடுவது சேவல், மடக்கிக்கொள்வது பெட்டை என்பார்கள். வெயில் காலத்து அடையில் சேவல்தான் அதிகம் என்றும் சொல்வார்கள்.

சொல்பவர்கள் பெரியவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட நிற்காது. ஏன் என்று சொல்கிறேன்.

முட்டைக்கு ஓடு எப்போது வருகிறது? மஞ்சள் கரு கோழியின் வயிற்றில் முட்டைப் பையிலிருந்து விழுந்த பிறகு வெள்ளைக் கரு சேர்ந்து, சவ்வு சேர்ந்து, கடைசியாகத்தான் ஓடு கட்டுகிறது. ஓடு கட்டி முடிய மட்டும் இருபது மணி நேரம் போலப் பிடிக்கும். குஞ்சு சேவலா பெட்டையா என்பது இதற்கெல்லாம் முன்னால், அந்த மஞ்சள் கரு விழுகிறபோதே தீர்மானமாகிவிடுகிறது. முட்டை கூராக வருவதும் உருண்டையாக வருவதும் தாய்க்கோழியின் முட்டைக் குழாயின் வாகு. கூர் முட்டையிடுகிற கோழி எப்போதும் கூர் முட்டைதான் இடும். அதற்காக அது சேவலாகவே பொரித்துக்கொண்டிருக்கிறதா? இல்லையே! அடைச்சூடும் அப்படித்தான். முதலைக்கும் ஆமைக்கும் மண்ணின் சூட்டுக்குத் தக்கபடி ஆண், பெண் மாறும். கோழிக்கு அது கிடையாது.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். மனிதரில் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிற விதை தகப்பனுடையது. கோழியில் அது தலைகீழ். தாய்க்கோழியின் கருதான் அதைத் தீர்மானிக்கிறது, சேவலுக்கு அதில் பங்கில்லை. "இந்தச் சேவலை மிதிக்க விட்டதிலிருந்து வெறும் சாவலாவே பொரிக்குது" என்று சேவலை மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெண் குழந்தை பிறந்தால் மருமகளைக் கரித்துக்கொட்டுகிற வீடுகளும் இதைக் கவனித்தால் நல்லது.

அப்படியென்றால் பெரியவர் சொன்னது போன தடவை பலித்ததே என்று கேட்பீர்கள். பலிக்கத்தான் செய்யும். சேவல், பெட்டை என்று இரண்டே விடைதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பத்துக்கு ஐந்து சரியாக இருக்கும். சரியாகப் போன ஐந்து நமக்கு ஞாபகம் இருக்கிறது, தவறிப்போன ஐந்து குழம்புச் சட்டிக்குப் போய்விடுகிறது. அதேபோல ஒரு அடையில் பத்துக் குஞ்சு பொரித்தால் ஐந்துக்கு ஐந்தாகத்தான் இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஏழுக்கு மூன்று, எட்டுக்கு இரண்டு என்று ஒரு பக்கமாகச் சாய்வது மூன்று அடைக்கு ஒரு அடையில் சாதாரணமாக நடக்கும். அதற்கு யார் கண்ணும் காரணமில்லை.

சரி, பொரித்த அன்றே தெரிந்துகொள்ள வழியே கிடையாதா? உண்டு. ஆனால் அது நமக்கு உதவாது.

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளுக்கு ஒரு நாள் குஞ்சு லட்சக்கணக்கில் போகிறது. முட்டைப் பண்ணைக்காரருக்குச் சேவல் தேவையில்லை. ஆகவே குஞ்சு பொரிப்பகத்திலேயே பிரித்துவிடுவார்கள். ஒரு முறை, குஞ்சின் ஆசனவாயை விரலால் லேசாக விரித்து உள்ளே இருக்கிற கடுகளவு மேட்டைப் பார்ப்பது. ஜப்பானில் மசூயி, ஹாஷிமோட்டோ என்ற இரண்டு அறிஞர்கள் 1920-களில் கண்டு சொன்னது. 1927-இல் கனடாவில் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழி மாநாட்டில் இது வெளியே தெரிந்தது. பிறகு ஜப்பானில் இதற்கென்றே பள்ளிக்கூடம் வைத்து, படித்தவர்கள் உலகமெல்லாம் போய்ச் சம்பாதித்தார்கள். கை தேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சு போலப் பார்ப்பார், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொல்வார். அந்தக் கை வருவதற்குப் பல மாதப் பழக்கம் வேண்டும். சில சேவல் குஞ்சுக்கு மேடு சிறியதாக இருக்கும், சில பெட்டைக்கும் கொஞ்சம் மேடு இருக்கும். பழகாத கை அழுத்தினால் குஞ்சின் குடல் பிதுங்கும், வயிற்றுக்குள் இருக்கிற மஞ்சள் கரு உடையும். வீட்டில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். நாலு குஞ்சின் வயிற்றை அழுத்திக் கொன்றுவிட்டு ஐந்தாவதில் கற்றுக்கொள்கிற வித்தை நமக்கு வேண்டாம்.

இன்னொரு முறை இறக்கையைப் பார்ப்பது. பொரித்த முதல் ஓரிரு நாளில் இறக்கையை விரித்தால் இரண்டு வரிசை முளை இறகு தெரியும். கீழ் வரிசை நீளமாக இருந்தால் பெட்டை, இரண்டும் சமமாக இருந்தாலோ மேல் வரிசை நீளமாக இருந்தாலோ சேவல். இதைக் கேள்விப்பட்டுச் சிலர் நாட்டுக்கோழிக் குஞ்சையும் இறக்கை விரித்துப் பார்க்கிறார்கள். அங்கேதான் தப்பு. இறகு சீக்கிரம் முளைக்கிற சேவல் வழியையும், தாமதமாக முளைக்கிற பெட்டை வழியையும் தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் மட்டும் குஞ்சில் இந்த வித்தியாசம் வரும். நிறத்தை வைத்துப் பிரிப்பதும் அதே மாதிரிதான். உதாரணத்துக்கு, சிவப்பு ரோட் ஐலண்ட் சேவலை வரி போட்ட பிளைமவுத் ராக் பெட்டையோடு சேர்த்தால், சேவல் குஞ்சுக்கு மட்டும் தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். தகப்பன் ஜாதகமும் தாய் ஜாதகமும் கையில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. நம்ம வாசல் கோழிக்கு என்ன ஜாதகம்? சிறுவிடையும் பெருவிடையும் கலந்திருக்கும். எப்போதோ ஊருக்கு வந்த சீமைச் சேவலின் ரத்தமும் கொஞ்சம் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துச் சேவல் வேலி தாண்டி வந்திருக்கும். அதனால் தலைப் பொட்டையும் இறக்கையையும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பொரிப்பகத்தைப் பற்றிச் சொல்லும்போது இதையும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தெருவில் கூடையில் வைத்துச் சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் போட்ட குஞ்சு விற்று வருகிறார்களே, பார்த்திருப்பீர்கள். மலிவாக இருக்கும். பிள்ளைகள் அழும், நாமும் வாங்கிக் கொடுத்துவிடுவோம். "வளர்த்தா முட்டை போடுமுங்க" என்று விற்கிறவரும் சொல்லுவார். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தில் பொரித்து, பெட்டையை எடுத்துக்கொண்ட பிறகு கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். நம் பேச்சில் வருகிற குஞ்சுகளிலேயே சேவலா பெட்டையா என்று தெரிந்தவர் கையால் பார்த்துப் பிரித்தது அந்தக் குஞ்சு ஒன்றுதான்! பத்து வாங்கி வளர்த்தால் பத்தும் சேவலாகவே தேறும், அதுவும் தேறினால். அந்த இனத்துச் சேவலுக்குக் கறி பிடிப்பதும் குறைவு, போட்ட தீனிக்குக் கட்டாது. ஜெர்மனியில் இப்படிக் கழிக்கிற சேவல் குஞ்சைக் கொல்லக்கூடாது என்று 2022-ஆம் வருஷம் ஜனவரி முதல் சட்டமே போட்டுவிட்டார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்க்கிற எந்திரங்கள் அங்கே வேலை செய்கின்றன. அது நம்ம பஞ்சாரத்துக்கு வருகிற சங்கதி அல்ல.

இப்போது நம்ம பஞ்சாரத்துக்கு வருவோம்.

ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். போன மாதக் குஞ்சையும் இந்த மாதக் குஞ்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரியதெல்லாம் சேவலாகத்தான் தெரியும். காலையில் பஞ்சாரத்தைத் தூக்குவதற்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குஞ்சு பயந்து வெயிலில் ஓடி இளைத்த பிறகு பார்த்தால் எல்லாக் கொண்டையும் சிவந்துதான் இருக்கும்.

மூன்று, நாலு வாரத்தில் பெட்டைக் குஞ்சுக்கு வாலும் முதுகும் கொஞ்சம் முந்தி மூடும். சேவல் குஞ்சு முதுகில் சொட்டையோடு, வால் கட்டையாக, அலங்கோலமாகத் திரியும். கால் கொஞ்சம் பருமனாக இருக்கும். இது ஒரு குறிப்புதான், சாட்சி அல்ல. பெருவிடை வழியில் வந்த குஞ்சுக்குச் சேவலோ பெட்டையோ இறகு மெதுவாகத்தான் முளைக்கும். அரசுத் திட்டங்களில் பெண்களுக்குக் கொடுக்கிற நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் பெரும்பாலும் இந்த ஒரு மாத வயதில், இரண்டும் கலந்துதான் வருகின்றன. வாங்கி வந்த அன்றே "எனக்குச் சாவலாவே குடுத்துட்டாங்க" என்று வருத்தப்பட வேண்டாம். அந்த வயதில் கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது.

சண்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேளூர் அம்மாள் ஏமாந்தது அதில்தான். குஞ்சுகள் யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளச் சண்டை போடும், அதில் ஆண் பெண் கிடையாது. பெருவிடை ரத்தம் இருந்தால் பெட்டையும் சேவல் மாதிரியே எகிறும்.

ஐந்து வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் கொண்டை பேச ஆரம்பிக்கும். ஒற்றைக் கொண்டை உள்ள குஞ்சானால், சேவலுக்கு அது மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாறி மேலே எழும்பும், தாடியும் தெரியும். பெட்டைக்கு மஞ்சளாக, சின்னதாகவே இருக்கும். பெருவிடைக்கு இருக்கிற கட்டைக் கொண்டையில் இது இன்னும் தாமதம். மூன்று வரிசை மேடு இருக்கும், சேவலுக்கு மூன்றும் பருத்துச் சிவக்கும், பெட்டைக்கு நடு வரிசை ஒன்று மட்டும் மெலிதாகத் தெரியும். ஆனால் நன்றாகத் தின்கிற பெட்டைக்குக் கொண்டை முந்தும், சீக்கான சேவலுக்குக் கொண்டை வெளுக்கும். பேன், குடற்புழு இருந்தாலும் வெளுக்கும். ஆகவே கொண்டை சொல்வதில் பாதியை நம்புங்கள்.

இதே வயதில் நிறமும் கொஞ்சம் உதவும். செவலையும் கருப்புமாகக் காட்டுக்கோழிச் சாயலில் வருகிற குஞ்சில், சேவலுக்கு மார்பில் கருப்பு இறகு முளைக்கும், தோள்பட்டையில் திட்டுத்திட்டாகச் சிவப்பு ஏறும். பெட்டைக்கு மார்பு வெளிர் பழுப்பாக, உடம்பு முழுக்க ஒரே சீராக இருக்கும். ஒரு பக்கம் திட்டு, ஒரு பக்கம் இல்லை என்று நிறம் கலைந்து தெரிந்தால் சேவல் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். முழுக் கருப்பு, முழு வெள்ளைக் குஞ்சில் இது பயன்படாது.

எட்டாவது வாரம் கழிச்சல் நோய்க்கு ஆர்.டி.வி.கே. தடுப்பூசி போட வேண்டும். கால்நடை மருந்தகத்தில் கேட்டால் முகாம் எப்போது என்று சொல்வார்கள். எப்படியும் ஒவ்வொரு குஞ்சும் அன்றைக்கு உங்கள் கைக்கு வரப்போகிறது. அப்போது கொண்டையையும் தோள்பட்டையையும் பார்த்து, சேவல் என்று தோன்றுவதற்கு ஒரு காலிலும், பெட்டை என்று தோன்றுவதற்கு மறு காலிலும் தளர்வாக ஒரு துணித் துண்டு கட்டிவிடுங்கள். கால் பருக்கப் பருக்க அவிழ்த்துக் கட்ட வேண்டும், மறந்துவிட்டால் கால் இறுகிப் புண்ணாகும்.

இனி முக்கியமான இடம். பத்து வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம். குஞ்சைக் கையில் பிடித்து, வாலுக்கு முன்னால், முதுகு முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் சரிந்து விழுகிற இறகை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். சேவலானால் அங்கே புதிதாக வருகிற இறகு ஒடுங்கி, நீண்டு, பளபளவென்று, முனை மூங்கில் இலை மாதிரிக் கூராக இருக்கும். பெட்டையானால் ஆவாரை இலை மாதிரி முனை மழுங்கி, வட்டமாக, மற்ற இறகைப் போலவே இருக்கும். கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் உண்டு. ஆனால் கழுத்தில் பெட்டைக்கும் கொஞ்சம் கூர் இருப்பதால் ஏமாறலாம், முதுகில் ஏமாற இடமில்லை. கருப்பானாலும் வெள்ளையானாலும் புள்ளியானாலும் கூர் கூர்தான். பெருவிடைக்கு மட்டும் பதினாலு, பதினாறு வாரம் வரை பொறுங்கள். இறகு குறைவாக, உடம்போடு ஒட்டிக் கிடக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏன் முதுகு இறகு அவ்வளவு உறுதி? கோழிக்கு இயல்பாக வளர்கிற இறகு சேவல் இறகுதான். பெட்டையின் வயிற்றில் இருக்கிற முட்டைப் பை ஒரு சுரப்பு நீரை ரத்தத்தில் விடுகிறது. அதுதான் இறகின் கூரை மழுக்கி வட்டமாக்குகிறது. ஆகவே முதுகில் வட்ட இறகு இருந்தால் உள்ளே முட்டைப் பை வேலை செய்கிறது என்று பொருள். கொண்டையைப் போல இது தீனிக்கும் சீக்குக்கும் தக்கபடி மாறுவதில்லை.

இதிலிருந்து இன்னொரு சங்கதியும் விளங்கும. கோழிக்கு வேலை செய்கிற முட்டைப் பை இடது பக்கம் ஒன்றுதான். வயதான பெட்டைக்குச் சில சமயம் அது நோயால் கெட்டுப்போகும். சுரப்பு நின்றதும் அடுத்த இறகு உதிர்வில் சேவல் இறகு முளைக்கும், கொண்டை பெருக்கும், கூவவும் செய்யும். நம் பக்கத்தில் பெட்டை கூவினால் வீட்டுக்கு ஆகாது என்று பயப்படுவார்கள். சீமையிலும் இப்படிப் பயந்தவர்கள்தான். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் 1474-ஆம் வருஷம் முட்டையிட்டதாகச் சொல்லி ஒரு சேவல்மேல் வழக்கு நடத்தி, தீர்ப்புச் சொல்லி, எரித்திருக்கிறார்கள். அது என்ன பாவம் செய்தது? இப்போது தெரிந்ததை வைத்துப் பார்த்தால், இப்படி உள்ளே நோய் வந்த ஒரு பெட்டையாகவே அது இருந்திருக்கலாம். உங்கள் வீட்டில் பெட்டை கூவினால் முட்டை நின்றுவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூவுகிறதை வைத்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால், தெரியும். ஆனால் சில சேவல் மூன்று மாதத்தில் தொண்டை கட்டின மாதிரிக் கூவும், சில ஐந்து மாதம் வரை வாயே திறக்காது. பெரிய சேவல் ஒன்று கூட இருந்தால் இளசு அடங்கித்தான் கிடக்கும். கூவாதது பெட்டை என்று நினைத்தவர்கள்தான் பேளூரிலும் இரண்டு சேவலைப் பெட்டை என்று வைத்திருந்தார்கள். கால் முள்ளும் அப்படித்தான். முளை பெட்டைக்கும் இருக்கும், சேவலுக்கு அது நீள்வதற்குள் நாலைந்து மாதம் ஓடிவிடும்.

இதற்கு நேர்மாறான ஒரு தப்பும் நடக்கிறது. ஐந்து, ஆறு மாதத்துப் பெட்டைக்கு, முட்டைக்கு வருகிற சமயத்தில் முகமும் கொண்டையும் திடீரென்று சிவக்கும். அதைப் பார்த்து, "அட, இது சாவல்தான் போல" என்று சந்தைக்குக் கொண்டு போய்விடுகிறார்கள். நாளைக்கு முட்டை போடப் போகிற கோழி அது! முதுகு இறகை ஒரு தடவை ஒதுக்கிப் பார்த்தால் போதும். பின்பக்கம் ஆசனவாய்க்கு இரண்டு புறமும் இருக்கிற இடுப்பெலும்பு நுனிகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழைந்தால் முட்டை நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

இனி விற்பனை. வீடு தேடி வருகிற வியாபாரி பஞ்சாரத்துக்குள் கையை விட்டு, தானாகவே நாலு குஞ்சைப் பொறுக்கி எடுப்பார், கவனித்திருக்கிறீர்களா? "அக்கா, இதெல்லாம் சாவலுங்க, உங்களுக்கு எதுக்கு?" என்பார். அவர் நாளைக்கு நூறு கோழி பிடிக்கிறவர், அவர் விரலுக்கு முதுகு இறகு தெரியும். பெட்டை தேடி அலைகிற வீடும் அவருக்குத் தெரியும். எல்லா வியாபாரியும் ஏமாற்றுகிறவர் என்று நான் சொல்லவில்லை. பொறுக்குகிற உரிமையை விற்கிறவர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன். எதைக் கொடுப்பது என்று நீங்கள் முதல் நாளே துணி கட்டி வைத்திருந்தால், "இந்த நாலுதான் கொடுக்கிறது" என்று சொல்லலாம்.

அதேபோல வாரச்சந்தையில் வாங்கப் போகும்போது, ஒரு மாதக் குஞ்சைக் காட்டி "அத்தனையும் பெட்டை" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். கலப்புக் குஞ்சு விலைக்குத் தந்தால் வாங்குங்கள். பெட்டைதான் வேண்டும் என்றால் மூன்று மாதம் தாண்டிய உருப்படியை, விலை கொஞ்சம் கூடினாலும், முதுகைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மாதம் வளர்த்தவர் தீனிச் செலவைக் கேட்பது நியாயம்தான்.

அடைக் குஞ்சு எல்லாவற்றையும் பன்னிரண்டு வாரம் வைத்திருக்கத் தீனிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. முதல் இரண்டு மாதம் குஞ்சு தின்பது கொஞ்சம்தான். தோட்டத்தில் கரையானும் புழுவும் கீரையும் அது தானாகவே பொறுக்கிக்கொள்ளும். மரவள்ளி அறுவடையில் ஒடிந்து கழிகிற கிழங்கைக் காய வைத்து இடித்துக் கம்போடு கொஞ்சம் கலந்து போடலாம். பச்சையாகப் போட வேண்டாம், அதில் நஞ்சு உண்டு. அப்படியும் முடியவில்லை, பணம் அவசரம் என்றால், எட்டு வாரத்தில் கொண்டை சிவந்து, தோளில் திட்டும் விழுந்து, இரண்டு குறிப்பும் ஒத்துப் போகிற குஞ்சை மட்டும் முதலில் விற்றுவிடுங்கள். சந்தேகமானதை வைத்துக்கொள்ளுங்கள். சேவலை வைத்திருந்து ஒரு மாதம் கழித்து விற்றால் எடை கூடும், நஷ்டம் இல்லை. பெட்டையை விற்றுவிட்டால் திரும்ப வராது.

வீட்டுக்குச் சேவல் எத்தனை? எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். அதையும் அதே அடையில் பிறந்த பெட்டைகளோடு விடாமல், வேறு ஊர்ச் சேவலாக மாற்றிக்கொள்ளுங்கள். பேளூர் அம்மாள் இப்போது பன்னிரண்டாவது வாரத்துக்குக் காலண்டரில் பென்சிலால் சுழித்து வைக்கிறார். இந்த ஆடிக்கு முனியப்பனுக்கு விடுவதற்கு அவரிடம் இரண்டு சேவல் இருக்கிறது, இரண்டுக்கும் முதுகில் மூங்கில் இலை.